நடராஜர் ஊருக்கு ஆள் கூப்பிட்டவர்

ஒருவர் என்னை நம்பிச் சொன்ன விஷயத்தை ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுதிக் கொடுத்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். அது தெரிந்ததால்தான் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அவரைப் பற்றியது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய பெயரை அவராலேயே சொல்ல முடியாது. பெயர் என்ன என்று யாராவது கேட்டால், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார். பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். அவர் வாயிலிருந்து வராத பெயர் என் பேனாவிலிருந்தும் வரவேண்டாம்.

அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலூரில், மஞ்சக்குப்பத்தில். தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து தனியார் பஸ்ஸில் போவேன். அந்த பஸ்களுக்கு ஆள் கூப்பிடுவது அவர் வேலை. டிரைவரும் கண்டக்டரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது இவர் படிக்கட்டுக்குக் கீழே நின்று கூவி பஸ்ஸை நிரப்புவார். புறப்படும் நேரத்தில் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. பஸ் நகர்ந்துவிடும்.

நாற்பதை ஒட்டிய வயது. முழுக்கைச் சட்டை போடுவார். கையை மடித்துவிட மாட்டார்; மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டிருப்பார். காலர் அழுக்காகாமல் இருக்க ஒரு கைக்குட்டையை மடித்துக் கழுத்தைச் சுற்றி வைத்திருப்பார். கக்கத்தில் முந்தைய நாள் பேப்பர் ஒன்று இருக்கும். அதைப் படித்து நான் பார்த்ததில்லை. வெயில் ஏறினால் விரித்துத் தலைக்குப் பிடித்துக்கொள்வார்.

“சிதம்பரம் சிதம்பரம் சிதம்பரேய்... ஆலப்பாக்கம் புதுச்சத்திரம் முட்லூர் சிதம்பரேய்...”

மற்ற பஸ்களுக்குக் கூவுகிறவர்கள் சண்டைக்கு அழைப்பதுபோல் கூவுவார்கள். இவர் குரல் முதல் சொல்லில் தாழ்வாகத் தொடங்கி, கடைசிச் சிதம்பரத்தில் மேலே போய், அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும். பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். மூட்டையோடு வரும் பெண்கள் பலகையைப் படிக்க மாட்டார்கள். அந்தக் குரல் எங்கே கேட்கிறதோ அங்கே வந்து ஏறுவார்கள்.

கூவாத நேரத்தில் அவர் பேசுவது வேறு மாதிரி இருக்கும். சிதம்பரம் என்று சொல்ல மாட்டார். “நடராஜர் ஊரு” என்பார். பண்ருட்டிக்கு “முந்திரிக்கொட்ட ஊரு.” பாண்டிச்சேரிக்கு “வெள்ளக்காரன் இருந்த ஊரு.” டீக்கடையில் டீ என்று கேட்க மாட்டார். ஒரு விரலைக் காட்டி, “ஒண்ணு, ஆத்தாம” என்பார். அவருக்கு எல்லா ஆண்களும் மாமா. டிரைவர் மாமா, போலீஸ்காரர் மாமா, நானும் மாமா. பெண்களெல்லாம் அம்மா.

டீக்கடையில் ஒரு கண்டக்டர் அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பார்.

“மச்சான், லீவு என்னிக்கு?”

“வெள்ளிக்கு மறுநாளு.”

“சனிக்கெழமைன்னு சொன்னா இன்னா, நாக்கு தேஞ்சா பூடும்?”

“ஏன், வெள்ளிக்கு மறுநாளு வேற எதுனா வருதா மாமா?”

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்த பஸ் ஸ்டாண்டில் அவருக்குக் குசும்புக்காரர் என்று பெயர். எதையும் நேராகச் சொல்ல மாட்டார், சுற்றி வளைத்துத்தான் சொல்வார், பேச்சு ரசமாக இருக்கும் என்று அவரிடம் வலியப் போய்ப் பேசுகிறவர்கள் இருந்தார்கள்.

நான் எழுத்துகளின் ஒலியைப் பற்றிப் பாடம் நடத்திப் பிழைத்தவன். ஒருநாள் டீக்கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. அவர் எந்தப் பேச்சையும் க, ச, ட, த, ப என்று தொடங்குவதில்லை. மற்றவர்கள் குசும்பு என்று ரசித்ததெல்லாம் அவர் ஒளிந்துகொள்ளும் இடங்கள்.

அதை எனக்குள் வைத்திருந்தால் போதும். ஆனால் கண்டுபிடித்ததை அவரிடம் சொல்லிக்காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

மார்கழித் தேருக்கு முந்தைய நாள். சிதம்பரத்தில் திரும்புகிற கூட்டத்தைப் பிடிக்க அவரையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓ.டி. என்கிற பழைய கடலூரைத் தாண்டியதும் தாழ்ந்த குரலில் கேட்டேன்.

“உங்களுக்குத் திக்குமா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆலப்பாக்கத்தில் பஸ் நின்று புறப்பட்டது. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“எப்புடி மாமா தெரிஞ்சுது?”

“கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

“யாருக்கும் தெரியாது மாமா. எங்க ஊருல தெரியும். இங்க வந்து இத்தினி வருசம் ஆவுது, ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் ஊர் மேல்பட்டாம்பாக்கம். அந்தப் பெயர் மட்டும் அவருக்குச் சுலபமாக வரும். நாலு பேர் இருக்கும் இடத்தில் அதை இரண்டு முறை சொல்வார்.

“வார்த்தை வாசல் வரைக்கும் வந்துரும் மாமா. அங்க வந்து நின்னுக்கும். முட்டித் தள்ளுனா இன்னும் இறுகிக்கும். அதனால வேற ரூட்டு எடுத்துருவேன். ரோடு அடச்சிருந்தா டிரைவரு வேற பக்கம் போறாரில்ல, அது மாதிரி.”

“கூவும்போது நிக்கறதில்லையே?”

“அதுல மட்டும் நிக்காது மாமா. ஏன்னு எனக்கே தெரியல. ஒரே வார்த்தைய எத்தினி வாட்டி சொன்னாலும் அங்க யாரும் கேக்க மாட்டாங்க இல்ல. வேலையே அதானே.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. புதுச்சத்திரம், முட்லூர் எல்லாம் தாண்டிப் பேசிக்கொண்டே வந்தார். யாரிடமும் சொல்லாததை ஒருவரிடம் சொல்லக் கிடைத்தவர் எப்படிப் பேசுவாரோ அப்படி.

அவருடைய அக்காவைப் பெரியப்பட்டில் கொடுத்திருந்தார்கள். அக்கா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் இவர்தான். மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டியவர். புதுச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். டிக்கெட் கேட்கும்போது வாய் நின்றுவிட்டது. கண்டக்டருக்கு அவசரம்.

“பரங்கிப்பேட்டையா?”

இவர் தலையாட்டினார். பரங்கிப்பேட்டைக்கு டிக்கெட் கொடுத்தார்கள். பெரியப்பட்டில் பஸ் நின்றபோது இறங்கவில்லை.

“இறங்கியிருக்கலாமே?” என்றேன்.

“அவுங்க கேட்டாங்க, நானும் ஆமான்னுட்டேன். இறங்குனா ஏன்னு கேப்பாங்க மாமா. அதுக்கு மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். இதுக்கு அவுங்க சொன்ன ஊருக்கே போயிடலாம்.”

பரங்கிப்பேட்டையில் இறங்கி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். அதற்குள் யாரோ ஒரு பங்காளி மடியில் வைத்துக் காது குத்தி, பந்தியும் முடிந்திருந்தது. அக்கா ரொம்ப நாள் பேசவில்லையாம்.

இன்னொன்றும் சொன்னார். நெல்லிக்குப்பம் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் என்று சொல்ல வாயெடுத்து நின்றுவிட்டார். தரகர் பொறுமையில்லாமல், “பஞ்சாயத்து ஆபீஸ்லங்க” என்று முடித்துவைத்தார். இவர் ஆமாம் என்றார். பேச்சு முற்றி, பத்திரிகை அடிக்கிற வரைக்கும் போயிருக்கிறது. ஒருநாள் பெண்ணின் அப்பா கடலூர் கோர்ட்டுக்கு வந்தவர் பஸ் ஸ்டாண்டில் இவர் கூவுவதைப் பார்த்துவிட்டார்.

“நல்லாதான் கூவுறீங்கன்னாரு மாமா. அதோட அவரு ஏறிப் போயிட்டாரு.”

இதைச் சொல்லும்போதும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

“ஒண்ணே ஒண்ணு மாமா. எப்பவாவது உங்ககிட்ட பேசறப்ப நின்னுடுச்சின்னா, நீங்க முடிச்சிவிடாதீங்க. என்ன வேணா ஆவட்டும், நில்லுங்க. நானே வந்துருவேன்.”

“சரி” என்றேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். சென்னையில் ஒரு தொலைக்காட்சியில் வாராந்திர நகைச்சுவை நிகழ்ச்சியை இயக்கிக்கொண்டிருந்தான். எழுத ஆள் கிடைக்கவில்லையாம்.

“ஐயா, வகுப்புல நீங்க சிரிப்பப் பத்தி எடுத்த பாடம் இன்னும் ஞாபகம் இருக்கு. எனக்கு ஒரே ஒரு கேரக்டர் குடுங்க ஐயா. பாத்த ஒடனே சிரிக்கணும். குண்டு, கறுப்பு, பொம்பள மாதிரி நடக்கறவன், காது கேக்காதவன், எல்லாம் பண்ணியாச்சு. ஜனங்களுக்கு அலுத்துப்போச்சு. புதுசா இருக்கணும்.”

அவன் அந்தப் பட்டியலைச் சொன்னபோது எனக்கு எந்த உறுத்தலும் ஏற்படவில்லை. கடைக்காரர் என்ன சரக்கு இருப்பில் இல்லை என்று சொல்வதைக் கேட்பதுபோல்தான் கேட்டேன். வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியும் என் பேச்சுக்கு யாரும் மனம்விட்டுச் சிரித்ததில்லை. நான் எழுதி ஊரே சிரித்தால் எப்படி இருக்கும் என்றுதான் தோன்றியது.

ஒரே நாளில் எழுதிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற ஒரு திக்குவாய்க்காரர். பெயர் ரிப்பீட்டு மாமா. முழுக்கைச் சட்டை, கழுத்தில் கைக்குட்டை, கக்கத்தில் பேப்பர். நடராஜர் ஊரு, முந்திரிக்கொட்ட ஊரு, வெள்ளிக்கு மறுநாளு எல்லாவற்றையும் போட்டேன். எந்த எழுத்து வராதோ அதைத் தவிர்க்கத்தான் அப்படிப் பேசுகிறார் என்பதை ஒரு சிறுவன் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொல்வதாகக் காட்சி. பரங்கிப்பேட்டையும் வந்தது. பஞ்சாயத்து ஆபீஸும் வந்தது. கடைசியில் அவர் சிதம்பரம் என்று கூவப் போய் ‘சி’யிலேயே மாட்டிக்கொள்ள, பஸ் போய்விடும். திக்குவாயை வைத்து மேடைகளில் காலங்காலமாகச் செய்துவருகிற ஜோக் அது. என்னுடையதுகூட இல்லை. அவர் கூவும்போது ஒருநாளும் திக்கியதில்லை என்று எனக்குத் தெரியும். திக்கினால்தான் சிரிப்பு வரும் என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. நானும் மனைவியும் பார்த்தோம். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“ஏங்க, இது நம்ம பஸ் ஸ்டாண்டு ஆளு இல்ல?”

“அவர் மாதிரி.”

“பாவம், பாத்தாருன்னா?”

“அவர் எங்க டிவி பாக்கப்போறாரு.”

மறுநாள் காலையில் அவர் எப்போதும்போல் கூவிக்கொண்டிருந்தார். நான் ஏறும்போது, “வாங்க” என்றார். மாமா வரவில்லை. அன்றைக்கு அதை நான் கவனித்தேனா, பிறகு நினைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. அந்த விஷயங்களை அவர் என் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தார். யார் எழுதியது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து அவர் யாரையும் மாமா என்று கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது. அந்தச் சொல்லைத்தான் பெயராகவே வைத்திருந்தேனே. நடராஜர் ஊரு என்று சொல்ல முடியாது. சொன்னால் எதிரில் இருப்பவர் கண்ணில் சிரிப்பு வந்துவிடும். முன்பும் சிரித்தார்கள். அப்போது அவர் பேச்சுக்குச் சிரித்தார்கள். இப்போது அவர் பேசி முடிக்கும் வரைக்கும் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீக்கடைக் கண்டக்டர், “இத்தினி நாளு எங்களயே ஏமாத்திட்டியே மச்சான்” என்று முதுகில் தட்டினார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உண்மையிலேயே செல்லமாகத்தான் தட்டினார். அதற்குப் பிறகு அவர் டீக்கு விரலை மட்டும் காட்டினார்.

கூவல் இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. கல்லூரிப் பையன்கள் பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு, “சி... சி... சி...” என்று பின்பாட்டுப் பாடுவார்கள். அவர் கேட்காததுபோல் கூவுவார். நான் ஜன்னல் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் காலையில் நல்ல கூட்டம். அவர் படிக்கட்டுக்குக் கீழே நின்று தலையை உயர்த்தினார். “சி” என்று ஒரு காற்று வந்தது. அதோடு நின்றுவிட்டது. நான் ஜன்னல் வழியே பார்த்தேன். தாடை நடுங்கியது. கண்ணை இறுக்க மூடியிருந்தார். கக்கத்திலிருந்து பேப்பர் விழுந்தது. நான் எழுதியது எழுதியபடியே நடந்துகொண்டிருந்தது. நடிகர்கூட இவ்வளவு நேரம் பிடித்து நிறுத்தவில்லை.

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவன், “சிதம்பரேய்” என்று முடித்துவைத்தான், அவருடைய அதே ராகத்தில். பிறகு பஸ் முழுவதும் சேர்ந்து கூவியது. டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். மூட்டைக்காரப் பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

அவர் கண்ணைத் திறந்தார். பஸ்ஸைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார். தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். பஸ் புறப்பட்டது. நான் அதில் உட்கார்ந்திருந்தேன். ஆலப்பாக்கம் வரும்போது விட்ட இடத்திலிருந்து பேப்பரைப் படித்தேன்.

அதன் பிறகு சில நாட்கள் வந்தார். கூவவில்லை. தகரத்தை மட்டும் தட்டினார். ஆள் ஏறவில்லை என்று பஸ்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு நாள் அவர் இடத்தில் வேறு ஒருவர் நின்று சண்டைபோடுவதுபோல் கூவிக்கொண்டிருந்தார்.

நான் எழுதுவதை நிறுத்தவில்லை. ரிப்பீட்டு மாமாவுக்கு நல்ல வரவேற்பு. ரிப்பீட்டு மாமா மாமனார் வீட்டில், ரிப்பீட்டு மாமா ஆஸ்பத்திரியில், ரிப்பீட்டு மாமா ஓட்டுக் கேட்கிறார் என்று எழுதிக்கொண்டே போனேன். என் பெயரைப் போடவேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அடக்கம் என்று என் மாணவன் நினைத்துக்கொண்டான்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், குறிஞ்சிப்பாடிப் பக்கம். வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்ல மாட்டாள், கையை மட்டும் உயர்த்துவாள். ஒருநாள் புதிதாக வந்த ஓர் ஆசிரியர் வாயைத் திறந்து சொல் என்று வற்புறுத்த, அவள் முயன்றிருக்கிறாள். வகுப்பு முழுவதும், “ரிப்பீட்டு மாமி” என்று கத்தியிருக்கிறது. ஆசிரியர்கள் அறையில் இதைச் சிரிப்பாகச் சொன்னார்கள். நான் வகுப்பைக் கூட்டி மாணவர்களைக் கடுமையாகத் திட்டினேன். பிறர் குறையைப் பார்த்துச் சிரிப்பவர் படித்தவரா என்று கேட்டேன். அவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். அந்த வார எபிசோடு என் பையில் இருந்தது. அந்தப் பெண் அடுத்த பருவத்துக்கு வரவில்லை.

நிகழ்ச்சி தானாகவே ஒருநாள் நின்றுபோனது. நான் நிறுத்தினேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

ஓய்வு பெற்றேன். மனைவி இறந்தாள். போன வருஷம் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் ஒரு பையன் எல்லோருக்கும் போனைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். பார்த்தால், சட்டைக் காலரில் கைக்குட்டை. நான் எழுதிய முதல் காட்சி. இத்தனை வருஷம் கழித்தும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நடிகரின் தாடை நடுங்குகிற இடத்தில் அந்தப் பையன் நிறுத்தி, திரும்ப ஓட்டிக் காட்டினான். எனக்கு எதுவும் தோன்றவில்லை. இலை போட்டுவிட்டார்கள் என்றார்கள். போய்ச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மாணவனுக்குப் போன் செய்தேன். அந்தக் காட்சியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

“ஐயா, அது கிளாசிக் ஐயா. எங்க கைல எங்க இருக்கு. ஆயிரம் பேரு வெட்டி வெட்டிப் போட்டு வச்சிருக்கான். ஏன் ஐயா, திடீர்னு?”

வேறொன்று எழுதி அனுப்பினேன். திக்குகிறவர், ஆனால் கூவும்போது திக்காதவர். உண்மையில் எப்படியோ அப்படி. அவன் படித்துவிட்டு மரியாதையாகத்தான் பேசினான்.

“நல்லாருக்கு ஐயா. ஆனா சிரிப்பு எங்க வரணும்?”

அதன் பிறகுதான் மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போனேன். ஊர் பெயரை அவர் இரண்டு முறை சொல்வது நினைவிருந்ததால் தேடுவது கஷ்டமாக இல்லை. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடையில் அடையாளம் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் இளைஞர்.

“கழுத்துல கர்ச்சீப்பு வச்சிருப்பாரே, அவரா? ஸ்டேசனாண்ட வண்டி ஸ்டாண்டுல டோக்கன் குடுக்கறாரு. ஆனா அவரு ஊமைங்க. காது கேக்கும், பேச்சு வராது. நீங்க பேசுனா தலையாட்டுவாரு.”

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட இருசக்கர வாகன நிறுத்தம். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். வண்டி உள்ளே வந்தால் ஒரு தகர வில்லையை நீட்டுவார்; வெளியே போகும்போது வாங்கிக் கம்பியில் கோத்துக்கொள்வார். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை.

என்னைப் பார்த்ததும் எழுந்து, அந்த ஸ்டூலைத் துடைத்து என் பக்கம் தள்ளினார். அவர் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் மிச்சமில்லாமல் சொன்னேன். “நான்தான் எழுதினேன். உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீங்க நம்பிச் சொன்னத எழுதினேன். கூவும்போது உங்களுக்கு நிக்காதுன்னு தெரிஞ்சே, நிக்கற மாதிரி எழுதினேன். அன்னிக்கு பஸ்ல நானும் இருந்தேன். வாயத் திறக்கல. தப்புன்னு சொல்லத்தான் வந்தேன்.”

அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். வில்லையைக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். நான் சொல்லி முடித்தேன். விழுப்புரம் பக்கம் போகிற ரயில் ஒன்று வந்து நின்றுவிட்டுப் போனது.

பிறகு தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

“ம்...”

அவருக்கு என்றைக்கும் தடங்கலில்லாமல் வந்த எழுத்து அது. அதிலேயே நின்றுவிட்டது. தாடை நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடவில்லை இந்த முறை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷமாகத் திறக்காத ஒன்றை எனக்காகத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். நான் நிற்கவேண்டும். எவ்வளவு நேரமானாலும் வெறுமனே நிற்கவேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

“ம்... ம்...”

ஓரத்தில் வண்டி எடுக்க வந்த இரண்டு பேர் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். என்னால் தாங்க முடியவில்லை.

“மன்னிச்சிட்டேன்கிறீங்களா?”

அவர் வாய் மூடிக்கொண்டது. முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் போய்விட்டது. ஆமாம் என்று தலையாட்டினார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகைகூட வந்தது. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே வந்தார். பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, நான் ஏறியதும் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். லேசாகிவிட்டதுபோல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். நெல்லிக்குப்பம் தாண்டும்போதுதான் அவர் தலையாட்டி வாங்கிய பரங்கிப்பேட்டை டிக்கெட் நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் மறுபடி போனேன். அன்றைக்கு என்ன சொல்ல வந்தார் என்று கேட்க வேண்டும்; இந்த முறை இருட்டினாலும் வாயைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். அவர் கம்பியில் வில்லைகளைக் கோத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார், ஸ்டூலைத் துடைத்துத் தள்ளினார்.

நான் இன்னும் உட்காரக்கூட இல்லை. அவர் தலையாட்டினார்.